வேட்டைக்காரன் காட்டைக் காப்பாற்றுவானா?

கேள்வி: கனடாவின் கல்கரியிலிருந்து ஒரு தம்பி, பூர்வீகம் இலங்கை மலைநாட்டில் பண்டாரவளை
2025 மார்ச் 16

அண்ணே, பயிரை அழிக்கும் பிராணிகளை எண்ண வேண்டும் என்று அரசாங்கம் சொல்லி, நேற்றுக் காலை எட்டு மணிக்கு இலங்கையே தோட்டத்தில் நின்று ஐந்து நிமிஷம் குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணியதாம். எண்ணி என்ன செய்யப் போகிறார்கள்? நான் இங்கே வருஷா வருஷம் வாத்து வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்குகிறேன். மீன் பிடிக்கத் தனிச் சீட்டு. அந்தக் காசில் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றுகிறார்கள். வட அமெரிக்காவில் காடும் மிருகமும் மிஞ்சியிருப்பதே வேட்டைக்காரனாலும் தூண்டில்காரனாலும்தான். மலைநாட்டிலும் அதையே செய்தால் என்ன? பன்றிக்கும் மரைக்கும் (கடமான்) லைசன்ஸ் கொடுங்கள், காசு வாங்குங்கள், அந்தக் காசில் சிறுத்தையைப் பாருங்கள். 'பாவம், கொல்லாதே' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

மார்ச் 16, இரவு

நானும் எண்ணினேன் தம்பி. லீக்ஸ் பாத்திக்கு நடுவில் தாளும் பேனையுமாக நின்றேன். எட்டு மணிக்கு ஒன்றும் இல்லை. எட்டு ஐந்துக்கும் ஒன்றும் இல்லை. தாளில் பூச்சியம் போட்டுவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணியை வாயில் வைக்கிறேன், கூரைத் தகரத்தில் தடதடவென்று முழுக் கூட்டமும் இறங்குகிறது. அரசாங்கத்தின் நேர அட்டவணை குரங்குக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நீ சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிதான் இங்கே செல்லாது. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 17

முதலில் உன் பக்கத்து நியாயம். அமெரிக்காவில் 1934இல் வாத்து முத்திரை வந்தது. வேட்டைக்குப் போகிறவன் அந்த முத்திரையை வாங்கியே ஆக வேண்டும், அந்தப் பணத்தில் நீர்ப்பறவைகளுக்கான சதுப்பு நிலம் வாங்கப்படும். 1937இல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்த வரி பொதுக் கஜானாவில் கரைந்து போகாமல் மாநில வனவிலங்குத் துறைகளுக்கே போகும். 1950இல் தூண்டில் சாமான்களுக்கும் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. உங்கள் கனடாவிலும் 1985 முதல் முத்திரை இருக்கிறது. இதெல்லாம் கட்டுக்கதை இல்லை. காசு வந்தது, நிலம் வாங்கினார்கள், வாத்து மிஞ்சியது.

ஆனால் நீ ஒரு படியைத் தாண்டிவிட்டாய். 1900இல் அங்கே லேசி சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்ற மிருகத்தை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. அதற்கு முன்னால் வேட்டை என்றால் சந்தை வேட்டைதான். காட்டெருமைகளைத் தோலுக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறாவைப் பெட்டி பெட்டியாக ரயிலேற்றி நகரத்துக்கு அனுப்பினார்கள். கடைசிப் புறா 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையில் செத்தது. அந்தச் சந்தையை முறித்த பிறகுதான் முத்திரையும் வரியும் வேலை செய்தன. நம் ஊரில் லைசன்ஸ் கேட்கிறவர்கள் யாராவது 'இறைச்சி விற்பதை நிறுத்து' என்று சேர்த்துக் கேட்கிறார்களா? நான் கேள்விப்படவில்லை.

இன்னொரு சங்கதி. நம்முடைய வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937தான், இலக்கம் 2. அங்கே துப்பாக்கி வாங்குகிறவனிடம் வரி பிடித்த வருஷத்தில் இங்கே சட்டப் புத்தகத்தில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 19

கீழே ஒருவர் 'ரோஜர்ஸ் துரை ஆறாயிரம் யானை சுட்டவர், அவர் மாதிரி ஆட்கள்தான் மலைநாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, ஆறாயிரம் எங்கிருந்து வந்தது? மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் பற்றிப் புத்தகங்களில் அடிபடுவது 1,400 சொச்சம். அதுவே போதாதா? பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் அடித்துச் செத்தார். கல்லறை நுவரெலியாவில் கோல்ஃப் திடல் பக்கம் இருக்கிறது. செத்த பிறகும் மின்னல் விடாமல் அந்தக் கல்லில் விழுந்ததாக ஊரெல்லாம் கதை. யானையின் சாபம் என்பார்கள். அந்த உயரத்தில் எந்தக் கல்லில்தான் மின்னல் விழாது என்று நான் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் யானை கொல்வது குற்றமில்லை, சேவை. பயிரை அழிக்கிறது என்று சொல்லி, கொல்பவருக்கு அரசே சன்மானம் கொடுத்தது. கோப்பிக்குக் காடு வெட்டியவர்களுக்கும் அது தோதாகப் போயிற்று. இன்று ஹோட்டன் சமவெளியில் யானை கிடையாது. மலைநாட்டில் மிச்சமிருப்பது சிவனொளிபாதமலைக் காட்டுப் பக்கம் ஒன்றிரண்டு. 'பயிரை அழிக்கும் பிராணி' என்ற முத்திரை ஒரு விலங்கின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலையே சாட்சி. நேற்றைய முத்திரை யானைக்கு, இன்றைய முத்திரை குரங்குக்கு.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கில வேட்டைக்காரரையும் இழுத்திருக்கிறார்கள். ஹோட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான். நாய்க் கூட்டத்தை விட்டு மரையை விரட்டி, தண்ணீரில் மடக்கிக் கத்தியால் முடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அப்புறம் நைல் நதியின் மூலம் தேடி ஆப்பிரிக்கா போய்விட்டார். போகாமல் இங்கேயே இருந்திருந்தால் மரைக்கு என்ன கதி ஆகியிருக்குமோ.

மார்ச் 20

தங்கச்சி ஒருத்தி ஒஹியவிலிருந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், நியாயமாக ஒன்று கேட்டிருக்கிறார். 'அந்தத் துரைமார்தானே 1894இல் விலங்குப் பாதுகாப்புச் சங்கமும் வைத்தார்கள்? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?'

விடவில்லை, வந்துகொண்டிருந்தேன். ஆமாம். 1894இல் தொடங்கிய சங்கம்தான் இன்றைய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். தொடங்கியவர்களில் வேட்டைக்காரர்களும் தோட்டத் துரைமாரும் நிறைய. சுட்டுச் சுட்டுக் குறைந்துவிட்டது என்று முதலில் தெரிந்தது சுட்டவர்களுக்குத்தான். வேறு யாருக்குத் தெரியும்? யால 1900இல் ஒதுக்கப்பட்டது அவர்கள் கொடுத்த நெருக்குதலால். அதன் முதல் காப்பாளர் எங்கெல்பிரெக்ட், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் பிடிபட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கைதி. அந்தக் கைதிகளை அடைத்து வைத்த பெரிய முகாம் நம்ம தியத்தலாவையில்தான் இருந்தது. பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டேன் என்று நின்றவர், ஊர் திரும்ப முடியாமல், பிரிட்டிஷ்காரன் காட்டுக்கே காவல்காரரானார். நல்ல காவல்காரர் என்றும் பெயர் எடுத்தார்.

இந்தக் கடன் கடன்தான், மறுக்க மாட்டேன். ஆனால் யாரிடமிருந்து காப்பாற்றினார்கள் என்று பார். யாலவில் ஒரு பகுதி 'உள்ளூர் வேட்டைக்காரர் ஒதுக்கிடம்' என்றே இருந்தது. அங்கே லைசன்ஸ் உள்ள துரை சுடலாம். கிராமத்தான் சுட்டால் திருட்டு. துரை நாயோடு போனால் விளையாட்டு, லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) ஆள் நாயோடு போனால் பொலிஸ். எங்கள் தாத்தா காலத்தில் துரைமார் வேட்டைக்குப் போகும்போது நாய் பிடிக்கவும், புதர் கலைக்கவும், செத்ததைத் தூக்கி வரவும், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்துதான் ஆள் எடுப்பார்களாம். காடு தெரிந்தவன் அவன். சங்கத்தில் பெயர் இருந்தது மற்றவருக்கு.

மார்ச் 20, பின்னேரம்

ஒன்று விட்டுப் போச்சு. மலைநாட்டில் மிஞ்சியிருக்கும் மேட்டுக் காட்டைக் காப்பாற்றியது வேட்டைக்காரரே இல்லை. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டில் கை வைக்காதீர்கள் என்று பிரிட்டிஷ் அரசுக்குச் சொன்னார். அந்தப் பேச்சு எடுபட்டது. எடுபட்டிருக்காவிட்டால் கோப்பியும் அதற்குப் பின்னால் தேயிலையும் உச்சி வரைக்கும் ஏறியிருக்கும், மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தலைமாடு மொட்டையாகியிருக்கும். ஹோட்டன் சமவெளி 1969இல் ஒதுக்கிடம், 1988இல் தேசியப் பூங்கா. வேட்டை நின்ற பிறகு அங்கே மரை எவ்வளவு பெருகியிருக்கிறது என்று வாகனத் தரிப்பிடத்தில் நின்றாலே தெரியும். சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்க முடியாது.

மார்ச் 23

இப்போது சுருக்குக் கம்பி. இதைப் பேசாமல் மலைநாட்டு வேட்டையைப் பேசுவது வெட்டிப்பேச்சு.

வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே வேட்டை என்றால் துவக்கும் நாயும் இல்லை. ஒரு துண்டு வயர். மோட்டார் சைக்கிள் பிரேக் வயர், கிளச் வயர், கொஞ்சம் வசதியானவன் என்றால் பழைய கொழுந்துக் கம்பிப் பாதையில் கழற்றிய கேபிளின் இழை. ஒரு முனையில் கண்ணி முடிந்து, மறுமுனையை மரத்தடியிலோ ஆழமாக அறைந்த முளையிலோ கட்டி, பன்றி நுழையும் வேலி ஓட்டையில் பன்றியின் கழுத்து மட்டத்துக்குத் தொங்க விடுவது. செலவு கிட்டத்தட்ட இல்லை. சத்தம் இல்லை. வைத்துவிட்டு ஆள் வேலைக்குப் போகலாம்.

அந்த ஓட்டை பன்றிக்கு மட்டும் வழி இல்லையே. பன்றிக்குட்டி, கேளையாடு, முள்ளம்பன்றி, லயத்து நாய் எல்லாவற்றையும் தேடி வருகிற சிறுத்தைக்கும் அதுதான் வழி. சிறுத்தை தலையையும் முன்காலையும் உள்ளே விட்டுப் பாதி தாண்டிய பிறகுதான் கம்பி இறுகும். இடுப்பில் விழும். பன்றி முன்னால் இழுத்துக் கழுத்து நெரிந்து சாகும். சிறுத்தை சாகாது, சுற்றும்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தடவை நான் போய்ப் பார்த்தேன். தேயிலைச் செடி இரண்டு வேரோடு பெயர்ந்து கிடந்தன. நிழல் மரத்தடியைச் சுற்றி வட்டமாக மண் அரைத்த மாதிரி, ஒரு புல் இல்லை. அந்த வட்டத்தின் நடுவில் அது படுத்திருந்தது. வாயில் நுரை, நகத்தில் இரண்டு முறிந்து இரத்தம். வயிறு நடுவில் கயிறு கட்டிய தலையணை மாதிரி இரண்டாகப் பிதுங்கியிருந்தது. சனம் கூடி, ஆளுக்கு ஒரு கைபேசி. ஒவ்வொரு தடவை யாராவது கிட்டப் போகும்போதும் அது எழும்பிப் பாயும், கம்பி இன்னும் ஒரு சுற்று உள்ளே போகும். 'தள்ளி நில்லுங்கடா, அது பாய்கிறதே உங்களாலதான்' என்று ஒரு கொழுந்துக்காரம்மா மட்டும் கத்திக்கொண்டிருந்தார். தோட்ட நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, 'இது எங்கள் எல்லைக்குள் வராது' என்று சொல்லிவிட்டுப் போனார். மிருக வைத்தியர் ரந்தெனிகலப் பக்கமிருந்து வர வேண்டும். வந்து மயக்க ஊசி போட்டு எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வெளிக்காயம் பெரிதாக இல்லை. பிழைத்துவிடும் என்றுதான் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். பிழைக்கவில்லை. உள்ளே எல்லாம் நசுங்கியிருக்கும் என்றார்கள்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை சிக்கியது ஊருக்கே தெரியும். பன்றிக்கு வைத்த கம்பிதான். உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், 29ஆம் தேதி செத்தது. அது நாடு முழுக்கச் செய்தியானது நிறத்தால். மஞ்சள் சிறுத்தைகள் அப்படிப் பேர் வாங்காமலே போகின்றன.

மார்ச் 24

'தோட்டத்துச் சனங்களுக்குச் சிறுத்தையைப் பற்றி என்ன கவலை, கொன்று தின்கிற கூட்டம்' என்று ஒருவர். கொழும்பு போலத் தெரிகிறது. நீக்கச் சொல்ல மாட்டேன், கிடக்கட்டும். ஆனால் இதையும் படியுங்கள்.

பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு விண்ணப்பிக்க என்ன வேண்டும்? பயிர்க் காணி காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் கிடக்கிறவனுக்கு ஏது காணி? வீட்டுக்குப் பின்னால் போஞ்சியும் கரட்டும் போட்ட துண்டு நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். நூற்றைம்பது வருஷமாக அந்த மண்ணில் உழைத்தும் காணி உறுதிப் பத்திரம் இல்லை, ஆகவே துவக்கும் இல்லை. பக்கத்துக் கிராமத்துக் காணிக்காரர் சட்டப்படி துவக்கோடு இரவில் வாசலில் உட்கார்ந்திருப்பார். லயத்து ஆள் பிரேக் வயரைத் தேடுவான். துவக்கு பிடித்தவனுக்குத் தான் எதைச் சுடுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். கம்பிக்குக் கண் இல்லை.

கம்பி வைக்கிறவனை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு இரவில் ஒரு பன்றிக் கூட்டம் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனதைக் காலையில் பார்த்தவனுக்கு என்ன தோன்றும் என்பது தெரியும், அவ்வளவுதான். அப்புறம் வீட்டுப் பாத்திக்குக் கம்பி வைக்கிறவன் ஒரு வகை, காட்டோரம் வரிசையாகக் கம்பி வைத்து இறைச்சியை டவுனுக்கு அனுப்புகிறவன் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்காரன் பெரும்பாலும் லயத்தில் இருப்பதில்லை. அவனுக்கு வான் இருக்கிறது.

மார்ச் 30

தூண்டில்காரரை விட்டுவிட்டோம். தம்பி முதலில் அவர்களையும்தானே சேர்த்துக் கேட்டான். இது எனக்கும் பிடித்த விஷயம், ஆகவே கொஞ்சம் நீளும்.

மலைநாட்டில் தூண்டிலின் சரித்திரம் டிரவுட் மீனோடு தொடங்குகிறது. 1880களில் இங்கிலாந்து டிரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது இங்கே தானாகப் பெருகவில்லை. பின்னால் கொண்டுவந்த வானவில் டிரவுட்தான் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ஊன்றியது. துரைமாருக்கு ஊர் ஞாபகம், குளிரில் ஒரு தூண்டில், பங்களாவில் பொரித்த மீன். அவர்கள் அந்த ஓடைகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள் என்பதும் உண்மை. வலை போட விடமாட்டார்கள், சாக்கடை கலக்க விடமாட்டார்கள்.

ஆனால் எதற்காகக் காத்தார்கள்? கொண்டுவந்த மீனுக்காக. அந்த ஓடைகளில் விரல் நீளம்கூட வராத ஒரு நன்னீர் இறால் இருக்கிறது. காரிடினா சிங்கலென்சிஸ் என்று அதற்குப் பெயர், உலகத்தில் வேறெங்கும் இல்லை. கல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு வாழும். டிரவுட் இறாலையும் தின்னும், தவளைக் குஞ்சையும் தின்னும். நம் மேட்டுக்காட்டுத் தவளைகளில் பல இந்தத் தீவுக்கே உரியவை. ஆகத் தூண்டில்காரர் காத்த ஓடை சுத்தமாகவும் இருக்கும், சொந்தக்காரர் இல்லாமலும் இருக்கும். 'மீன் இருந்தால் ஆறு நலம்' என்பவர்களுக்கு, எந்த மீன் என்று கேட்கத் தோன்றுகிறது.

திலாப்பியாவும் அப்படித்தான் வந்தது, 1950களில். ஆனால் நான் அதைத் திட்ட மாட்டேன், திட்டினால் நன்றி கெட்டவனாவேன். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் என் தூண்டிலில் விழுகிறதே அதுதான். கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர் வெளியே தெரியும். அந்தக் கல்லில் உட்கார்ந்து மண்புழு கோர்ப்பது ஒரு சுகம். முன்னால் சாமி கும்பிட்ட இடத்தில் மீன் பிடிக்கிறாயே என்று என் பெரியம்மா திட்டுவார். சாமி வேறு கோயிலுக்கு மாறிப் போய்விட்டது, மீன் மட்டும் இங்கே இருக்கிறது என்பேன்.

இனிச் சொல்ல வந்தது. தூண்டில் போடுகிறவன் ஒரு நல்ல காரியம் செய்கிறான், அவன் நினைக்காமலே. அவன் கரையில் கிடக்கிறான். மேலே எவனாவது பூச்சிமருந்து ஊற்றி மீன் பிடித்தால், வயிறு வெளுத்து மிதந்து வருவதை முதலில் காண்கிறவன் அவன்தான். கல்லுடைக்கிற வெடியைத் தண்ணீரில் போட்டால் சத்தம் கேட்பதும் அவனுக்கே. நஞ்சும் வெடியும் 1996ஆம் ஆண்டு கடற்றொழில் சட்டத்தில் தடை. ஆனால் சட்டம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதில்லை. நாங்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு தடவை மருந்துப் போத்தலோடு வந்த பொடியன்களை எங்கள் கரைக்காரர்கள் விரட்டிய விரட்டில் ஒருவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அந்தச் செருப்பு வெகு நாள் அங்கேயே கிடந்தது, யாரும் தொடவில்லை.

ஏப்ரல் 2

ஒஹியத் தங்கச்சி மறுபடி: 'அப்படியென்றால் தூண்டில்காரர் விஷயத்தில் கனடாத் தம்பி சொன்னது சரிதானே?'

பாதிக்கு மேல் சரி. 1990இல் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அரசு உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியது, சமய காரணம் சொல்லி. குளங்களில் மீன்குஞ்சு விடுவது நின்றது. 1994க்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் மீன்பிடி நின்றதா? இல்லை. கண்காணிப்புத்தான் நின்றது. சின்னக் கண் வலை, நஞ்சு, எல்லாம் உள்ளே வந்தன. கொல்லாமை நல்ல கொள்கை, நான் கும்பிடுகிறேன். ஆனால் கொள்கையைச் சொல்லிக்கொண்டு அதிகாரி எழும்பிப் போனால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. எவனாவது உட்காருவான்.

இதை எழுதும்போதே மார்ச் 17இல் லைசன்ஸைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்போல் இருக்கிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஏப்ரல் 9

யோசித்தேன். பன்றி விஷயத்தில் மட்டும்.

காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு இல்லை. கைவிட்ட தேயிலை மலைகளில் மானாப்புல்லும் புதரும் ஆளுயரம் நிற்கின்றன. பன்றிக்கு அதைவிட நல்ல லயம் கிடையாது. யாராவது கொல்லத்தான் போகிறார்கள், எப்படி என்பதுதான் கேள்வி. கம்பியும், அதைவிடக் கேடுகெட்ட ஹக்கபட்டாஸும் (இரைக்குள் மறைத்து வைக்கும் வெடி), கட்டுத்துவக்கும் (விலங்கு தட்டினால் தானே வெடிக்கும் துவக்கு) நடக்கிற நாட்டில், கண்ணால் பார்த்துச் சுடுகிற ஒருவன் இருப்பது சிறுத்தைக்கு லாபம். தோட்டத்துக்கு இத்தனை என்று பயிற்சி பெற்ற வாட்சர்கள். துவக்கு அவர்கள் கையில், வீட்டில் அல்ல, தோட்டத்து ஒபிசில் பூட்டி. தோட்ட எல்லைக்குள் கம்பி கிடந்தால் நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும், 'எங்கள் எல்லை இல்லை' என்று நழுவ விடக் கூடாது. சுட்ட பன்றியை லயத்துக்குள் பங்கு போடலாம். டவுனுக்கு ஒரு கிலோகூடப் போகக் கூடாது. விற்பனை வந்தால் துவக்கும் கம்பியாகிவிடும்.

மரைக்கு லைசன்ஸ்? கிடையாது. அது சிறுத்தையின் சாப்பாடு. அதில் கை வைத்தால் சிறுத்தை நாய் தேடி லயத்துக்கு வரும், அப்புறம் பிள்ளைகளை வெளியே விட முடியாது என்று சனம் திரளும், அதன் முடிவு எல்லோருக்கும் தெரியும்.

2022 கடைசியில் குரங்கு, மயில், பன்றி, முள்ளம்பன்றி என்று ஆறு பிராணிகளை விவசாயி விரும்பியபடி செய்யலாம் என்று ஒரு அமைச்சர் அறிவித்தார், ஞாபகம் இருக்கிறதா? மறு வருஷம் சீனாவுக்கு ஒரு லட்சம் குரங்கு ஏற்றுமதி என்றார்கள், அதுவும் அமுங்கிப் போனது. இரண்டிலும் எப்படிக் கொல்வது, யார் பார்ப்பது, காசு எங்கே போவது என்ற பேச்சே இல்லை. தம்பி, உன் வாத்து முத்திரையில் எனக்குப் பிடித்தது வேட்டை இல்லை. காசு போகும் வழியை எழுதி வைத்திருக்கிறார்களே, அது.

ஏப்ரல் 10

'வாட்சருக்குத் துவக்கு கொடுத்தால் வாட்சரே வேட்டைக்காரனாகிவிடுவான்' என்று ஹப்புத்தளை மாமா எழுதியிருக்கிறார். ஆவான் மாமா, சிலர் ஆவார்கள். ஆனால் ஊர் முழுக்கத் தெரிகிற ஒரு துவக்கைக் கண்காணிக்கலாம். புதருக்குள் எத்தனை கம்பி கிடக்கிறது என்று அதை வைத்தவனே மறந்துபோகிறானே, அதை எப்படிக் கண்காணிப்பது? வைத்தவன் பிள்ளை கலியாணத்துக்குக் கொழும்பு போயிருப்பான், கம்பி இங்கே வேலை செய்துகொண்டிருக்கும்.

கம்பி எடுக்கிற வேலையில் எங்கள் பக்கத்துப் பொடியன்கள் சிலர் இறங்கியிருக்கிறார்கள். அதில் பாதிப்பேர் முன்னால் கம்பி வைத்தவர்கள். அவர்கள் வேலி ஓரம் நடக்கும்போது கண் தரையில் இல்லை, முழங்கால் மட்டத்தில் இருக்கும். நான் தாண்டிப் போன இடத்தில் குனிந்து எடுக்கிறார்கள். சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய ஆட்கள். இப்போதைக்குக் கிடைப்பது தேத்தண்ணியும் பணிஸும்.

ஏப்ரல் 18

கல்கரித் தம்பி பதில் போட்டிருக்கிறான்: 'விற்பனைத் தடை ஓகே அண்ணே, மரையை விட்டுவிடுகிறேன். ஆனால் வெளிநாட்டுக்காரருக்குப் பன்றி வேட்டை லைசன்ஸ் விற்றால் டொலர் வருமே?'

டொலர் என்றதும் எல்லோருக்கும் கண் விரிகிறது. வரலாம். வந்தால் யாருக்குப் போகும் என்று எழுதிக் கொடு, பேசுவோம். லயத்துக்குக் காணி உறுதியும் ஒரு பங்கும் வராமல் வெளியாள் வந்து சுட்டுப் படம் எடுத்துவிட்டுப் போவதாக இருந்தால், நம் பொடியன்கள் மறுபடி நாய் பிடிக்கவும் புதர் கலைக்கவும்தான் போவார்கள். அந்தப் படத்தை எங்கள் தாத்தாவே பார்த்துவிட்டார்.

ஓகஸ்டில் வருகிறாய் என்று கேள்வி. மவுசாக்கலைக்குப் போகலாம், பெரியம்மாவுக்குச் சொல்லாதே. வரும்போது நல்ல ரீல் இரண்டு கொண்டு வா. இங்கே விலை கேட்டால் தலை சுற்றுகிறது. வாத்து படம் போட்ட தொப்பி வேண்டாம், போன தடவை நீ கொடுத்ததைக் குரங்கு கொண்டுபோய்விட்டது.